இகுமாத்தாவோவின் கல்வேலிகள்

நகரங்கள் வளர்தல் காலத்தின் நியதி. வளரும் நகரத்துக்கு வீடும் வேண்டும், வீதியும் வேண்டும். ஆயின் அவ்வளர்ச்சி ஒரு குலத்தாரின் பூர்வீக மண்ணையே விழுங்க முனையுமிடத்து யாது செய்வது? இவ்வினாவை எதிர்கொண்ட ஒரு சிற்றூரின் வரலாற்றை வாலிபரும் முதியோரும் ஒருங்கே அறிதல் நன்றென எண்ணி ஈண்டு எழுதுகின்றோம்.

நியூசிலாந்தின் மிகப் பெரிய நகராகிய ஓக்லாந்தின் தென்பாகத்தில், மனுக்காவ் குடாவின் கரையில் உள்ளது இகுமாத்தாவோ. அந்நாட்டின் ஆதிக்குடிகளாகிய மாவோரியரின் முன்னோர், ஏறக்குறைய 13ஆம் நூற்றாண்டில், வெப்பமான பசிபிக் தீவுகளிலிருந்து ஓடங்களில் வந்தவர்கள். அவர்கள் கொண்டுவந்த வற்றாளை குளிர் தாங்காத பயிர். ஆகையால் எரிமலை மண்ணில் கிடந்த கற்களைப் பொறுக்கி, தோட்டங்களைச் சுற்றி வேலிகளாக அடுக்கினர். கற்கள் பகல் வெயிலின் சூட்டை வாங்கி இரவில் வெளிவிட்டன, காற்றையும் தடுத்தன. குளிர்நாட்டில் வெப்பநாட்டுப் பயிரை விளைவித்த அறிவின் சாட்சி அக்கல்வேலிகளே.

1863ஆம் ஆண்டில், விக்ரோறியா மகாராணிக்கு விசுவாசச் சத்தியம் செய்க, அன்றேல் தெற்கே வைக்காற்றோவுக்குப் போய்விடுக என ஆங்கிலேயத் தேசாதிபதி கட்டளையிட்டார். மாவோரியர் வெளியேறினர், நிலம் பறிமுதலாகிக் குடியேறிய வெள்ளையர் கையிற் சென்றது. பின்னர் திரும்பிவந்தோர், பறிபோன தம் நிலத்தின் அயலிலே சிறு கிராமமாக வாழ்ந்தனர்.

நகரம் நெருங்க நெருங்க இழப்புகள் பெருகின. எரிமலைக் குன்றுகள் கல்லுக்காக வெட்டப்பட்டன. 1960இல் நகரத்தின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் குளங்கள் குடாவில் அமைந்தன. சிப்பியும் மீனும் தந்த கழிமுகம் பாழாயிற்று. 1966இல் அயலிலே விமான நிலையம் திறக்கப்பட்டது. நகருக்கு வேண்டியன யாவும் வந்தன. அவற்றின் சுமையை அச்சிற்றூரே தாங்கிற்று.

2001இல் ஏறக்குறைய 100 ஹெக்ரேயர் கல்வேலி நிலம் பாதுகாக்கப்பட்ட வரலாற்றுப் பூமியாயிற்று. எனினும் அதனை அடுத்த 32 ஹெக்ரேயர் நிலம் 2014இல் வீடமைப்புக்கு ஒதுக்கப்பட்டது. அங்கே 480 வீடுகள் கட்டத் திட்டமிட்ட கம்பனியொன்று 2016இல் அதனை வாங்கியது.

இங்கேதான் வரலாறு நமக்குப் பாடமாகின்றது. முதியோர் சிலர், சட்டவழியில் வெல்லுதல் அரிதெனக் கண்டு, நிலத்தில் ஒரு பங்கையும் தம்மவர்க்குச் சில வீடுகளையும் பெறுமாறு கம்பனியுடன் இணங்கினர். அவரைக் குறைகூறல் தகாது. முற்றும் இழப்பதினும் சிறிது காப்பது மேலென்று அவர் கருதினர். ஆயின் பானியா நியூற்றன் என்னும் சட்டம் பயின்ற இளம்பெண்ணும் அவருடைய ஒன்றுவிட்ட சகோதரரும் 2015இலேயே எதிர்ப்பைத் தொடங்கியிருந்தனர். நிலத்திலேயே தங்கிக் காவல் காத்தனர். ஐக்கிய நாடுகள் சபை வரை சென்று முறையிட்டனர். நீதிமன்றத்தில் வெற்றி கிட்டவில்லை. ஒரே குடும்பத்தாரும் இரு பக்கமாயினர்.

2019 யூலை 23ஆந் திகதி வெளியேற்ற உத்தரவு வந்தது. செய்தி பரவவே ஆயிரக்கணக்கானோர் அங்கு திரண்டனர். சில நாட்களில், உடன்பாடு காணும்வரை கட்டட வேலை நிறுத்தப்படுமெனப் பிரதமர் அறிவித்தார். அக்காலை மாவோரி அரசராயிருந்த தூகெயித்தியா இரு பக்கத்தாரையும் ஒரே பாயில் இருத்திப் பேசவைத்தார். நிலம் தமக்கே மீளவேண்டும் என்பதில் யாவரும் ஒருமித்தனர். 2020 டிசம்பரில் அரசாங்கம் மூன்று கோடி நியூசிலாந்து டொலருக்கு அந்நிலத்தை வாங்கி, அதன் எதிர்காலத்தை மண்ணின் மைந்தரும் கூடியிருந்து தீர்மானிக்க வழிசெய்தது.

இளைஞரின் உறுதியின்றி அந்நிலம் எஞ்சியிராது; முதியோரும் உடன்வந்து ஒருகுரலாய்ப் பேசியிராவிடின் அவ்வுறுதி பயன் தந்திராது. வெட்டப்பட்ட குன்றுகள் மீண்டும் வளரமாட்டா. ஆதலின் காப்பதற்குரியதை இழக்குமுன்னரே அறிந்து, மூத்தோரும் இளையோரும் கூடிக் காத்தல் வேண்டும். இகுமாத்தாவோவின் கல்வேலிகள் நமக்கு உணர்த்துவது இதுவே.