மருந்தும் மனிதக் கருவும்

மருந்தியல் பட்டம் பெற்ற எங்கள் பங்கின் இளம்பெண் ஒருத்தி, சென்ற தவக்காலத்தில் ஒருநாள் மாலைத் திருப்பலி முடிந்தபின் என்னைக் காண வந்தாள். புதிய மருந்துகளின் நச்சுத்தன்மையைச் சோதிக்கும் ஆய்வுக்கூடம் ஒன்றில் அவளுக்குப் பணிவாய்ப்பு வந்திருந்தது. அங்கே மனிதக் கருவிலிருந்து பெற்ற உயிரணுக்களைப் பயன்படுத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தாள். "ஃபாதர், நான் அங்கே போகலாமா?" என்று கேட்டாள். உடனே விடை சொல்ல எனக்குத் துணிவில்லை. குருமடத்தில் நாங்கள் அறநெறி இறையியல் பயின்றபோது அத்தகைய உயிரணு எந்த ஆய்வாளரின் கையிலும் இருந்ததில்லை. சில நாள் கழித்து வரச்சொல்லிவிட்டு, இதன் வரலாற்றைப் படிக்க உட்கார்ந்தேன்.

அவ்வரலாறு பெருந்துயர் ஒன்றில் தொடங்குகிறது. 1957 அக்டோபரில் மேற்கு ஜெர்மனியின் கிரூனெந்தால் நிறுவனம் 'கோன்டெர்கன்' என்ற பெயரில் ஒரு தூக்க மருந்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதிலிருந்த வேதிப்பொருள் தாலிடோமைட். எவ்வளவு கொடுத்தும் எலிகள் சாகவில்லை. ஆதலால் தீங்கற்றது என்று நம்பினார்கள். கருவுற்ற தாய்மாரின் குமட்டலுக்கும் அதையே கொடுத்தார்கள். பின்னர், கைகால் வளராத குழந்தைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிறக்கலாயின. 1961 நவம்பரில் ஹாம்பர்க் நகரக் குழந்தை மருத்துவர் விடுகின்ட் லென்ஸ் எச்சரித்த பிறகே ஜெர்மனியில் மருந்து திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் பல நாடுகளிலுமாக 10,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டிருந்தனர் என்று மதிப்பிடுகிறார்கள். அமெரிக்காவில் இத்துயர் பரவாமைக்குக் காரணம், போதிய சான்றில்லை என்று அனுமதி மறுத்த ஃபிரான்சஸ் கெல்சி என்னும் அலுவலரின் பிடிவாதம். அரசு அலுவலரின் பிடிவாதத்தை நாம் வாழ்த்தும் தருணங்கள் அரியவை. இது அவற்றுள் ஒன்று.

கதை அத்துடன் முடியவில்லை. 1964-இல் எருசலேமில் யாக்கோபு ஷெஸ்கின் என்ற மருத்துவர், தொழுநோயாளர் சிலருக்கு உண்டாகும் கடும் வேதனையை இதே மருந்து தணிப்பதைக் கண்டார். கொன்ற மருந்தே குணமாக்கவும் செய்தது. எனவே அதை முற்றிலும் ஒழிக்க இயலவில்லை. அது கருவை எவ்வாறு சிதைக்கிறது என்று அறிந்தே ஆகவேண்டும். எலிகளில் அந்த ஊனம் தோன்றவில்லை, முயல்களில் தோன்றியது. விலங்கு பொய்சொல்லும் இடத்தில் மனிதனைப் பற்றி யாரிடம் கேட்பது?

1998 நவம்பரில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் தாம்சன் ஒரு வழியைத் திறந்தார். சோதனைக்குழாய்க் கருத்தரிப்புக்காக உருவாக்கப்பட்டு, பெற்றோரால் ஆய்வுக்கு அளிக்கப்பட்ட சில நாள் வயதுடைய கருக்களிலிருந்து, எந்த உறுப்பின் அணுவாகவும் வளரவல்ல உயிரணுக்களைப் பிரித்து வளர்த்தார். இவற்றைக் குருத்தணுக்கள் என்கிறோம்; செய்தித்தாள்கள் 'ஸ்டெம் செல்' என்று எழுதுகின்றன. 14 கருக்களின் உட்பகுதியைப் பிரித்ததில் 5 அணுவரிசைகள் நிலைத்தன. அந்த எண்களைப் படித்தபோது என் மனம் 5-இல் நிற்கவில்லை. எஞ்சிய 9-இலேயே நின்றது. வரிசையாக நிலைத்தாலும் நிலைக்காவிட்டாலும் கரு அழிந்தது அழிந்ததே.

இவ்வணுக்களால் மருந்தாய்வுக்கு விளைந்த பயன் பெரிது. அவற்றை இதயத்தசையாக வளர்த்து, துடிக்கும்போதே மருந்தை ஊற்றிப் பார்க்கலாம். ஈரலணுவாக வளர்த்து நஞ்சை அளக்கலாம். தாலிடோமைட் புதிரும் இவ்வழியேதான் அவிழ்ந்தது. அம்மருந்து நம் உடலில் செரிப்ளான் என்ற புரதத்தைப் பற்றிக்கொள்வதை 2010-இல் ஜப்பானியர் கண்டறிந்தனர். 2018-இல் பாஸ்டன் நகரின் டேனா-ஃபார்பர் நிலைய ஆய்வாளர், மனிதக் கருவின் குருத்தணுக்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தனர். கைகால் உருவாவதற்கு இன்றியமையாத சால்-4 என்னும் புரதம் சிதைந்து மறைவதைக் கண்டனர். எலியின் புரதம் சற்று வேறானது; அதனால்தான் எலி தப்பியது. ஏறத்தாழ 60 ஆண்டுகளாகத் தாய்மார் கேட்டுவந்த கேள்விக்கு விடை கிடைத்தது.

இவ்வாய்வால் நன்மையே விளையவில்லை என்று மேடையில் முழங்குவோர் நம்மிடையே உண்டு. அது உண்மையன்று, பொய்யைக் கொண்டு உயிரைக் காக்க வேண்டியதில்லை. திருச்சபையின் வாதமும் அதுவன்று. நன்மை விளையும் என்பதற்காகத் தீமை செய்யலாகாது என்ற பவுலடியாரின் நெறியே அதன் அடித்தளம். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2001 ஜூலை 23 அன்று, காஸ்தெல் கந்தோல்போவில் தம்மைச் சந்தித்த அமெரிக்க அதிபர் புஷ்ஷிடம் இதை நேரில் வலியுறுத்தினார். ஆகஸ்ட் 9 அன்று அதிபர் அறிவித்த முடிவு நடுவழியானது: முன்பே உருவாக்கப்பட்ட அணுவரிசைகளின் ஆய்வுக்கு மட்டும் அரசுப் பணம் உண்டு, புதிதாக அழிப்பதற்கு இல்லை.

வேறு வழியைக் காட்டியவர் கியோத்தோவின் ஷின்யா யமனாகா. நண்பரின் கருத்தரிப்பு மருத்துவமனையில் நுண்ணோக்கி வழியே ஒரு கருவைக் கண்டபோது, அதற்கும் தம் மகள்களுக்கும் வேறுபாடு மிகச் சிறிதே என்று தமக்குத் தோன்றியதாக 2007-இல் அவர் கூறினார். 2006-இல் எலியின் தோலணுவில் 24 மரபணுக்களைச் சோதித்து, நான்கே போதும் என்று கண்டார். தோலணு குருத்தணுவாக மாறியது. மறு ஆண்டில் மனிதத் தோலணுவிலும் அது கைகூடியது. 2012-இல் நொபெல் பரிசு பெற்றார். 2017-இல், தசை எலும்பாக மாறும் அரிய நோய்க்கு, நோயாளரின் சொந்த அணுக்களிலிருந்து ஆக்கிய குருத்தணுக்களைக் கொண்டு தேர்ந்த மருந்தைக் கியோத்தோ மருத்துவமனையில் சோதிக்கத் தொடங்கினர். எந்தக் கருவும் அதற்காக அழியவில்லை.

ஆனால் ஒன்றை மறைக்கலாகாது. அந்த 24 மரபணுக்களைத் தெரிந்தெடுக்க உதவிய அறிவு, பெரும்பாலும் கருவின் குருத்தணுக்களை ஆராய்ந்ததால் வந்தது. புதிய அணுக்கள் செம்மையானவையா என்று பார்க்கும் அளவுகோலாகவும் அவையே இருந்துவந்துள்ளன. தூய்மையான வழியும் பழைய கடனோடுதான் பிறந்தது.

மீண்டும் அவள் வந்தபோது, 'டிக்னிதாஸ் பெர்சோனே' என்ற 2008-ஆம் ஆண்டின் வத்திக்கான் ஏட்டை எடுத்து வைத்திருந்தேன். முறையற்ற வழியில் வந்த அணுக்களை ஆய்வாளர் மறுக்கவேண்டும் என்கிறது அது. அதே இடத்தில், பொறுப்பிலும் படிகள் உண்டு என்கிறது: மாற்று இல்லாதபோது பிள்ளைக்குத் தடுப்பூசி போடும் பெற்றோரின் நிலை வேறு, ஒரு நிறுவனத்தில் முடிவெடுப்பவரின் பொறுப்பும், முடிவில் குரலற்றவரின் பொறுப்பும் ஒன்றல்ல. "அப்படியானால் முதலில் அவர்களிடமே கேட்டுவிடுகிறேன் ஃபாதர்" என்றாள். கேட்டாள். இதயநச்சுப் பிரிவில் யமனாகா முறையில் ஆக்கிய அணுக்கள் மட்டுமே என்றும், கருநச்சுப் பிரிவில் பழைய கரு வரிசைகள் என்றும் மறைக்காமல் சொன்னார்களாம். முதற்பிரிவைத் தரும்படி எழுதிக்கொடுத்துவிட்டு, காரணத்தையும் அதே தாளில் எழுதியிருக்கிறாள்.