கோடைக்கால ஆய்வு உதவித்தொகை (மதுரை வட்டாரம்)

இளநிலை அறிவியல் மாணவர்கள் முதலாண்டு முடிந்ததுமே ஒரு ஆய்வகத்தில் சேர்ந்து, உதவித்தொகையுடன் சில வாரங்கள் பணிபுரிவது கோடைக்கால ஆய்வு. பருவத்தேர்வுக்கும் ஜூனில் கல்லூரி திறப்பதற்கும் இடையிலான விடுமுறையே இதற்கான காலம்.

மதுரைக் கல்லூரிகளில் படிப்போருக்கு இதற்கு முதன்மையான வழி இன்ஸ்பயர் திட்டம். மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை 2008-இல் இதைத் தொடங்கியது. பிளஸ் டூ தேர்வில் தம் வாரியத்தின் முதல் 1 விழுக்காட்டுக்குள் வந்து, இயற்பியல், வேதியியல், கணிதம், தாவரவியல், விலங்கியல் போன்ற அடிப்படை அறிவியல் படிப்பில் சேர்ந்தவர்கள் இதன் உயர்கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். ஆண்டுக்கு 80,000 ரூபாய். இதில் 60,000 மாணவருக்கான தொகை. எஞ்சிய 20,000 கோடை ஆய்வுக்கென்றே ஒதுக்கப்பட்டது. ஆய்வு முடிந்ததும் அறிக்கையையும் வழிகாட்டியின் சான்றிதழையும் பதிவேற்ற வேண்டும். நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளையை மருத்துவத்துக்கும் பொறியியலுக்குமே அனுப்பத் துடிக்கும் வீடுகளில், விரும்பி பி.எஸ்சி. சேர்ந்தவருக்கு இந்தத் தொகை பெரிய தெம்பு.

பணத்தைவிட அரிது வழிகாட்டிதான். அவரை மாணவரே தேடிப் பிடிக்க வேண்டும். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பகுதிகளிலிருந்து கல்லூரிக்கு வரும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு, முன்பின் தெரியாத பேராசிரியருக்குக் கடிதம் எழுதுவதே பெரிய தயக்கம். முதல் பருவத்திலேயே துறை ஆசிரியர்கள் இதை எடுத்துச் சொல்லி, கடிதம் எழுதவும் உதவுவது மிக அவசியம்.

தொலைதூரம் போகத்தான் வேண்டும் என்பதில்லை. 1966-இல் நிறுவப்பட்ட மதுரை காமராசர் பல்கலைக்கழகமும், வேளாண்மைக் கல்லூரியும், அரவிந்த் கண் மருத்துவமனை சார்ந்த ஆய்வு நிறுவனமும் பஸ்ஸில் போய்வரும் தொலைவில் உள்ளன. காமராசர் பல்கலைக்கழகத்தின் எம்.கே.சந்திரசேகரன் குழுவினர் இப்பகுதிக் குகை வௌவால்களை வைத்து உயிர்க்கடிகாரத்தை ஆராய்ந்தவர்கள். பகலொளி எட்டாத குகையின் ஆழத்தில் தனிக்கூண்டில் அடைத்த வௌவால், சுற்றிலும் சுதந்திரமாகப் பறந்த வௌவால்கள் வெளியே சென்று திரும்பும் நேரத்தோடு தன் நாளை ஒத்திசைத்துக்கொண்டது. மற்ற வௌவால்கள் இல்லாத இடத்தில் அதன் கடிகாரம் தன்போக்கில் ஓடியது. 1981-இல் வெளியான முடிவு இது. பெரிய கருவிகள் இல்லாமலும் நல்ல கேள்வி எழுப்பலாம் என்பதற்கு, முதலாண்டு மாணவருக்கு இதைவிட நெருக்கமான சான்று இல்லை.

வெளியூர் போக முடிந்தவர்களுக்கு வேறு வழிகளும் உண்டு. பெங்களூரு ஜவாஹர்லால் நேரு உயராய்வு மையம் முதலாண்டு மாணவர்களைத் தேர்ந்து, அடுத்தடுத்து மூன்று கோடைகளில் வரவழைத்து வேதியியலிலும் உயிரியலிலும் பயிற்றுவித்திருக்கிறது. மூன்று இந்திய அறிவியல் கழகங்கள் இணைந்து தரும் கோடைக்கால ஆய்வு நல்கை பெரும்பாலும் மேல்வகுப்பு மாணவர்களுக்கானது.

இன்ஸ்பயரில் வரலாறு, தமிழ், பொருளியல் மாணவர்களுக்கு இடமில்லை. நகரின் தென்கிழக்கே 2015 முதல் அகழாய்வு நடந்துவரும் கீழடி இருக்க, இங்குள்ள வரலாற்று மாணவர்களுக்கு இன்ஸ்பயருக்கு நிகரான மத்திய உதவித்தொகை இல்லாதது பெருங்குறை.