சோழர் காலக் கல்லூரிகளும் மாணாக்கர் பேணலும்

பண்டைக் கல்வி நிலையங்களைப் பற்றி எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் அங்கே கற்பிக்கப்பட்ட நூல்களின் பெயர்களை அடுக்கிக் கூறுவதோடு அமைவர். கற்றவன் எங்கே உறங்கினான், அவனுக்கு உணவளித்தவர் யாவர், நோயுற்றபோது அவனைப் பேணியவர் எவர், இரவிற் படிக்க விளக்கெண்ணெய் எங்கிருந்து வந்தது என்னும் வினாக்கள் அவர்களுக்குச் சிறியனவாய்த் தோன்றின போலும். ஆயின் சோழர் காலத்துக் கல்வெட்டுக்களைப் பொறித்தோர்க்கு அவை சிறியனவாய்த் தோன்றவில்லை. பாடத்தைப் பற்றி ஒரு சொல்லிற் கூறி முடிக்கும் அவர்கள், நெல்லைப் பற்றியும் எண்ணெயைப் பற்றியும் நாழிக் கணக்காக எழுதி வைத்துள்ளனர். அக்கணக்கே அக்காலக் கல்லூரிகளின் இயல்பை நமக்கு உணர்த்தும் சிறந்த சான்றாகும்.

மாணாக்கரைப் பேணும் இவ்வழக்கம் சோழரோடு தோன்றியதன்று. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டில், புதுச்சேரியை அடுத்த வாகூரிலிருந்த வித்தியாத்தானம் ஒன்றிற்கு மூன்று ஊர்கள் கொடுக்கப்பட்டதை வாகூர்ச் செப்பேடுகள் கூறுகின்றன. தெற்கே ஆய் நாட்டு வேந்தன் கருநந்தடக்கன், கி.பி. 866இல், காந்தளூர்ச் சாலையை முன்மாதிரியாகக் கொண்டு பார்த்திவசேகரபுரத்திற் சாலையொன்றை நிறுவி, 95 சட்டர்க்கு இடம் வகுத்தான். வேதப் பிரிவு நோக்கி 45, 36, 14 என அவ்விடங்கள் பகுக்கப்பட்டன. கூட்டத்திற்குப் படைக்கலம் கொண்டு வரலாகாது என்றும், ஒருவரையொருவர் இகழ்ந்துரைப்போர் தண்டம் இறுக்க வேண்டும் என்றும் விதிகள் செய்யப்பட்டன. இத்தகைய விதி வேண்டியிருந்ததெனின், அங்கே பயின்றோர் எல்லாரும் சாந்த சீலர் அல்லர் என்பது பெறப்படும். சாலை என்பது படைப்பயிற்சிக் களமா, உண்டியும் கல்வியும் வழங்கிய அறநிலையமா என்பது பற்றி ஆராய்ச்சியாளரிடையே வேற்றுமை உண்டு. செப்பேட்டின் வேதப் பங்கீட்டை நோக்குமிடத்துப் பின்னதே பொருத்தமெனத் தோன்றுகிறது.

இனி, இப்பொருள் பற்றிய சான்றுகளுள் தலையாயது எண்ணாயிரக் கல்வெட்டாகும். இன்றைய விழுப்புரம் மாவட்டத்திலுள்ள எண்ணாயிரம், சோழர் காலத்தில் இராசராசச் சதுர்வேதிமங்கலம் எனப் பெயர் பெற்ற பெரிய பிரமதேயமாகும். முதலாம் இராசேந்திரன் காலத்தில், அவ்வூர்ச் சபையார் அரசன் ஆணையின்படி கோயிலைச் சார்ந்த கல்லூரி ஒன்றிற்கு 45 வேலி நிலம் ஒதுக்கினர். இக்கால அளவையில் அது ஏறக்குறைய 300 ஏக்கராகும். அதன் விளைவைக் கொண்டு 340 மாணாக்கரும் 14 ஆசிரியரும் பேணப்பட வேண்டும் என்பது ஏற்பாடு.

மாணாக்கர் இரு வகுப்பினர். கீழ் வகுப்பிற் பயின்றோர் 270 பேர். அவருள் இருக்கு வேதம் ஓதுவோர் 75, யசுர் வேதம் ஓதுவோர் 75, வாசசனேயம் 20, சாந்தோக சாமம் 20, தலவகார சாமம் 20, அதர்வம் 10, போதாயன சூத்திரம் 10. எஞ்சிய 40 பேர் 'ரூபாவதாரம்' என்னும் இலக்கணம் கற்றவர். மேல் வகுப்பிலிருந்த சட்டர் 70 பேர். அவருள் வியாகரணம் பயின்றோர் 25, பிரபாகரரின் மீமாஞ்சை பயின்றோர் 35, வேதாந்தம் பயின்றோர் 10. சோழநாட்டிலே வேதாந்தமே கற்றோர் உள்ளத்தை முழுதும் ஆட்கொண்டிருந்தது எனக் கருதுவோர் இவ்வெண்களை நோக்குதல் நன்று. வேள்வியும் விதியும் பற்றிய மீமாஞ்சைக்கு, வேதாந்தத்தினும் மூன்றரை மடங்கு மாணாக்கர் இருந்தனர்.

ரூபாவதாரத்தைக் குறித்து ஒரு செய்தி ஈண்டுக் கூறத்தக்கது. பாணினியின் சூத்திரங்களைத் தொடக்க மாணாக்கர்க்கு ஏற்ற முறையில் மாற்றி வகுத்த அந்நூலின் ஆசிரியர் தருமகீர்த்தி. அவர் பௌத்தர் என்பர். இலங்கையைச் சேர்ந்தவர் எனச் சிலர் கருதுவதும் உண்டு. எங்ஙனமாயினும், வைணவக் கோயில் ஒன்றின் நெல்லை உண்டு வேதம் ஓதச் சென்ற பிராமண இளைஞர், பௌத்தர் ஒருவரின் நூலைக் கொண்டே இலக்கண வாயிலுட் புகுந்தனர். மாணாக்கனுக்கு எளிதாக விளங்கும் நூல் எதுவோ அதுவே பாடமாயிற்று.

இம்மாணாக்கர்க்கு அளிக்கப்பட்டது யாது? கீழ் வகுப்பு மாணாக்கன் ஒவ்வொருவனுக்கும் நாளொன்றுக்கு ஆறு நாழி நெல்; மேல் வகுப்புச் சட்டன் ஒவ்வொருவனுக்கும் ஒரு குறுணி இரு நாழி, அதாவது பத்து நாழி நெல். தஞ்சைக் கல்வெட்டுக்களில் ஐந்து பங்கு நெல்லுக்கு இரண்டு பங்கு அரிசி எனக் கணக்கிடும் வழக்கம் காணப்படுகிறது. அதன்படி ஆறு நாழி நெல் இரண்டு நாழிக்கு மேற்பட்ட அரிசியைத் தரும். ஒருவன் ஒரு நாளிற் பசியாற உண்பதற்கு அது போதியதே. அதிற் சிறிது மிச்சமாக்கி உப்பும் மோரும் கறியும் பெறவும் இடமுண்டு. மேல் வகுப்பினனுக்குப் பத்து நாழி அளித்தமைக்குக் காரணம் கல்வெட்டிற் கூறப்படவில்லை. பத்து நாழியை ஒருவனே உண்டு தீர்த்தல் இயலாது. ஆதலின் அது உணவின் அளவைக் கடந்து உதவிப் பணத்தின் தன்மையை எய்திவிட்டது எனலாம். முதிர்ந்த வயதிற் கற்க வந்தவனுக்கு வீட்டிலே தாய் தந்தையரோ மனைவி மக்களோ இருத்தல் கூடும் என்பதைச் சபையார் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

நெல்லோடு பொன்னும் அளிக்கப்பட்டது. மேல் வகுப்பினர் எழுபதின்மரும் ஆண்டுக்கு அரைக் கழஞ்சு பொன் பெற்றனர். அது 35 கழஞ்சு. வியாகரணம் உரைத்த ஆசிரியர்க்கு அத்தியாயம் ஒன்றிற்கு ஒரு கழஞ்சாக எட்டு அத்தியாயத்திற்கு 8 கழஞ்சும், மீமாஞ்சை உரைத்தவர்க்கு அம்முறையே பன்னிரண்டு அத்தியாயத்திற்கு 12 கழஞ்சும் வகுக்கப்பட்டன. நூலை முடித்தாலன்றிப் பொன் முழுவதும் கைக்கு வராது. பாடத்தைப் பாதியிலே விட்டுவிடும் ஆசிரியரும் அக்காலத்தில் இருந்தனர் என்று இதனால் ஊகிப்பது பிழையாகாது.

ஆண்டுச் செலவு மொத்தம் 10,506 கலம் நெல்லும் 61½ கழஞ்சு பொன்னும் ஆகும். இத்தொகையைப் பகுத்து நோக்கின் ஓர் உண்மை வெளிப்படும். கீழ் வகுப்பினர் 270 பேர்க்கு நாளொன்றுக்கு 1,620 நாழி. மேல் வகுப்பினர் 70 பேர்க்கு 700 நாழி. ஆக 2,320 நாழி. எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரு குறுணி ஒரு கலம் என்னும் வாய்பாட்டின்படி அது 24 கலம் இரு குறுணியாகும். ஆண்டுக்கு 360 நாளெனக் கொள்ளின் 8,700 கலம். எனவே கல்லூரியின் நெல்லில் ஆறில் ஐந்து பங்கிற்குச் சற்றே குறைந்த பகுதி மாணாக்கர்க்கே சென்றது; பொன்னிலும் பாதிக்கு மேற்பட்டது அவர்க்கே. பிற்காலத்துக் கல்லூரிகளின் வரவு செலவுத் திட்டத்தை அறிந்தோர், ஆசிரியர் சம்பளமும் கட்டிடச் செலவுமே பெரும்பகுதியை விழுங்குவதைக் கண்டவராதலின், இவ்விகிதத்தை வியப்போடு நோக்குவர். எண்ணாயிரத்துச் சபையார் கல்லூரி என்று கருதியது கட்டிடத்தை அன்று. பசியின்றி இருந்து கற்கும் முந்நூற்று நாற்பதின்மரையே.

புதுச்சேரிக்கு அண்மையிலுள்ள திரிபுவனையில், முதலாம் இராசாதிராசனின் 30ஆம் ஆட்சியாண்டாகிய 1048இற் பொறிக்கப்பட்ட கல்வெட்டு, 260 மாணாக்கரும் 12 ஆசிரியரும் கொண்ட மற்றொரு கல்லூரியைக் குறிக்கின்றது. அங்கும் நெற்படி உண்டு. ஆதலின் அதனை விரித்தல் வேண்டுவதில்லை. ஆனால் அங்கே காணப்படும் ஒரு சலுகை புதியது. ஆசிரியரும் மாணாக்கரும் ஊர் வாரியங்களிற் பணிபுரிவதினின்றும் விலக்கப்பட்டனர். ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலியன சோழநாட்டு ஊராட்சியின் உயிர்நாடியாய் இருந்தவை. அவற்றில் அமர்தல் பெருமையும் ஆயிற்று, பளுவும் ஆயிற்று. கற்பவனுக்கு உணவினும் அரிய பொருள் ஓய்வு நேரம் என்பதை உணர்ந்தோரே இவ்விலக்கை அளித்திருத்தல் கூடும்.

பாலாறும் வேகவதியும் செய்யாறும் கூடுமிடத்திலுள்ள திருமுக்கூடல், அளவில் எண்ணாயிரத்துக்கு மிகச் சிறியது. மாணாக்கர் நலம் பற்றிய செய்தியில் அதனினும் பெரியது. வீரராசேந்திரனின் 5ஆம் ஆட்சியாண்டிற் பொறிக்கப்பட்ட நீண்ட கல்வெட்டு ஒன்று, வேங்கடேசப் பெருமாள் கோயிலிலே சனநாத மண்டபத்தில் நடந்த கல்விச்சாலையையும், விடுதியையும், 'வீரசோழன்' என்னும் ஆதுலர் சாலையையும் ஒருங்கே விவரிக்கின்றது. இருக்கு வேதம் பயின்றோர் பதின்மர், யசுர் வேதம் பயின்றோர் பதின்மர், வியாகரணமும் ரூபாவதாரமும் பயின்றோர் இருபதின்மர், பாஞ்சராத்திரம் பயின்றோர் பதின்மர். சைவம் பயின்றோர் மூவரும் உளர். விண்ணகரம் ஒன்றின் செலவிலே சைவ மாணாக்கர் உண்டமை, சமயப் பூசல்களையே வரலாறெனக் கொள்வோர் எண்ணிப் பார்க்கற்பாலது.

இம்மாணாக்கர்க்கு உணவு மட்டுமன்றி, படுக்கப் பாயும், இரவில் எரிக்க விளக்கெண்ணெயும், சனிக்கிழமைதோறும் தலைமுழுக எண்ணெயும் வகுக்கப்பட்டன. சமைப்பார்க்கும் பணிப்பெண்டிர்க்கும் நெல் வரையறுக்கப்பட்டது. சனி நீராடலுக்கு எண்ணெய் எத்துணை வேண்டும் என்பதை அரசாணையிற் கணக்கிட்டு எழுதும் ஆட்சி எளிதிற் காணக் கிடைப்பதன்று.

ஆதுலர் சாலையிற் பதினைந்து படுக்கைகள் இருந்தன. மாணாக்கரும் கோயிற் பணியாளரும் அங்கே மருத்துவம் பெற்றனர். பரம்பரை உரிமை பெற்ற மருத்துவர் ஒருவர் ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும் பெற்றார். சல்லியக்கிரியை செய்பவனுக்கு 30 கலமே கிடைத்தது. கத்தி பிடித்தவனினும் நாடி பிடித்தவனுக்கு மதிப்பு மிகுதியாயிருந்த காலம் அது. மூலிகை கொணர்ந்து மருந்து அடுவோர் இருவரும், நோயாளரைப் பேணும் பெண்டிர் இருவரும், நாவிதன் ஒருவனும் உளர். படுக்கையிற் கிடந்த நோயாளி ஒவ்வொருவர்க்கும் நாளொன்றுக்கு ஒரு நாழி அரிசி. இரவு முழுதும் எரிய விளக்கு ஒன்று. இருப்பில் வைத்திருக்க வேண்டிய இருபது மருந்துகள் பெயர் கூறி எழுதப்பட்டுள்ளன. அரீதகி லேகியங்களும், தைலங்களும், நெய்களும், கண்ணுக்கிடும் மருந்தும் அவற்றுட் சில.

கணக்கைக் கல்லிற் பொறிக்கும் இம்மனப்பான்மை சோழநாட்டிற்கே உரியதன்று. அதற்கு ஒரு நூற்றாண்டு முன்னர், நான்காம் மகிந்தன் (956–972) மிகிந்தலையிற் பொறிப்பித்த கல்வெட்டுக்கள், அங்கிருந்த விகாரையின் பணியாளர் ஒவ்வொருவர்க்கும் உரிய ஊதியத்தை இங்ஙனமே நுணுகி வரையறுக்கின்றன. சோழரோடு போர் புரிந்த நாடும் சோழநாடும் தம் அறநிலையங்களைக் காக்கக் கையாண்ட வழி ஒன்றாகவே இருந்தது. வாக்கிலே சொன்ன கொடை ஒரு தலைமுறையில் மறையும், கல்லிலே வெட்டிய கொடையைக் களவாடுதல் அரிது என்பதை இரு சாராரும் அறிந்திருந்தனர்.

இக்கல்லூரிகளைப் பல்கலைக்கழகங்கள் எனப் பெருமிதத்தோடு அழைப்பாரும் உளர். அப்பெயரை அளிக்குமுன் அவற்றின் எல்லையையும் நோக்குதல் வேண்டும். அங்கே இடம் பெற்றவர் பிராமண ஆடவரே. எண்ணாயிரத்துக் கோயிலிலே திருவாய்மொழி ஓதுவார்க்கு நெல் ஒதுக்கப்பட்டதாயினும், கல்லூரியின் 340 இடங்களுள் தமிழ் கற்பார்க்கென ஓரிடமும் வைக்கப்படவில்லை. 45 வேலியை உழுது விளைவித்தோரின் மக்கள் அம்மண்டபத்திற் கேட்போராய் அமர்ந்தனர் என்பதற்குச் சான்றில்லை. பேணலின் செம்மையும் பேணப்பட்டோர் வட்டத்தின் குறுக்கமும் ஒரே கல்லிற் பொறிக்கப்பட்டுள்ளன. ஒன்றைப் படித்து மற்றதை விடுதல் வரலாறாகாது. தமிழ்க் கல்வியோ திண்ணைகளிலும் மடங்களிலும் புலவர் மனைகளிலும் வேறு வழியில், நெற்கணக்கு எழுதப்படாமலே வளர்ந்து வந்தது.

ஆயினும் கற்பிக்கப்பட்ட பொருள் என்றும் ஒரே நிலையில் நின்றதன்று. விக்கிரமசோழன் காலத்தில், 1121இல், திருவாவடுதுறையிலிருந்த மடமொன்றிலே மருத்துவ நூல்களாகிய அட்டாங்க இருதயமும் சரக சங்கிதையும் கற்போர்க்கும், ரூபாவதார இலக்கணம் கற்போர்க்கும் உணவளிக்க நிலம் விடப்பட்டது. திருமுக்கூடலில் மாணாக்கனின் நோயைத் தீர்க்க மருத்துவர் இருந்தார். அரை நூற்றாண்டு கழிந்தபின் திருவாவடுதுறையில் மருத்துவம் கற்பவனே மாணாக்கனாய்ப் பந்தியில் அமர்ந்தான்.