‘எப்போதும்’ எங்கே நிற்கும்? ஆங்கிலச் செயப்பாட்டு வினையில் மீடிறன் வினையடையும் மலையக மாணவரும்

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பகுதித் தோட்டப் பாடசாலைகளில் தேயிலை தயாரிக்கும் முறையை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால், மாணவர் ஒருவர் ‘டீ யூசுவலி இஸ் பிளக்ட் பை ஹேண்ட்’ என்று தொடங்கக்கூடும். ‘டீ இஸ் யூசுவலி பிளக்ட் பை ஹேண்ட்’ என்பதே ஆங்கில வழக்கு. ஒரு சொல் ஓரிடம் முந்திவிட்டது. ஆசிரியர் அதைச் சுழித்துச் சரியான இடத்தைக் காட்டுகிறார். அடுத்த கட்டுரையில் அதே பிழை மீண்டும் வருகிறது.

இந்தப் பிழையைக் கவனக்குறைவு என்று ஒதுக்குவது தவறு. மாணவர் தமிழ் வினையின் அமைப்பை ஆங்கிலத்திலும் ஒழுங்காகப் பின்பற்றியதால் விளைந்த பிழை இது. ஆகவே எத்தனை தடவை என்பதைச் சொல்லும் மீடிறன் வினையடைகளைச் செயப்பாட்டு வினையோடு கற்பிக்கும்போது, பாடம் தமிழ் வினையிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம். இங்குள்ள எடுத்துக்காட்டு வாக்கியங்கள் விளக்கத்துக்காக அமைக்கப்பட்டவை.

1. பிரியாத வினையும் பிரியும் வினையும்

‘கொழுந்து பெரும்பாலும் கையால் பறிக்கப்படுகிறது.’ இதில் ‘பறிக்கப்படுகிறது’ ஒரே சொல். வினையடி, ‘படு’ என்னும் துணைவினை, கால இடைநிலை, விகுதி எல்லாம் ஒன்றாக இறுகி நிற்கின்றன. ‘பறிக்கப் பெரும்பாலும் படுகிறது’ என்று தமிழர் எவரும் சொல்லமாட்டார். ‘பறிக்கப்படவே இல்லை’ என்பதில் ஏகாரம் ஒட்டிக்கொள்ளும். ஆனால் தனி வினையடை ஒன்று உள்ளே நுழைய இடமில்லை. எனவே தமிழில் வினையடை முழு வினைக்கும் முன்னால்தான் நிற்கும்.

ஆங்கிலத்தில் அதே வினை ‘இஸ்’, ‘பிளக்ட்’ என்று இரண்டு துண்டு. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் மீடிறன் வினையடையின் இருக்கை. துணைவினை ஒன்றுக்கு மேற்பட்டால் முதல் துணைவினைக்கு அடுத்த இடம் அதற்குரியது: ‘த லீஃப் ஹேஸ் ஒஃபன் பீன் வெய்ட் லேட்’, ‘ஸ்பொய்ல்ட் லீஃப் கேன் நெவர் பி யூஸ்ட்’. குவர்க், கிரீன்பாம், லீச், ஸ்வார்ட்விக் ஆகிய நால்வரும் 1985இல் வெளியிட்ட விரிவான ஆங்கில இலக்கணமும் வாக்கியத்தின் நடுவிடத்தை முதல் துணைவினையை ஒட்டியே வரையறுக்கிறது.

எப்படிச் செய்யப்பட்டது என்பதைச் சொல்லும் வினையடையோ செயலைக் குறிக்கும் எச்சத்தை (‘பிளக்ட்’ போன்ற வடிவத்தை) ஒட்டி நிற்க விரும்பும்: ‘த லீஃப் ஹேஸ் ஒல்வேஸ் பீன் கேர்ஃபுலி சோர்ட்டட்’. ‘எப்போதும்’ முதல் இடைவெளியில், ‘கவனமாக’ கடைசி இடைவெளியில். தமிழில் இவ்விரண்டும் வினைக்கு முன்னால் அருகருகே நிற்பதால், ஆங்கிலத்தில் இரண்டுக்கும் தனித்தனி இடம் உண்டு என்பது மாணவருக்குத் தானாகத் தெரியவராது. ‘ஒவ்வொரு நாளும்’, ‘வாரம் இருமுறை’ போன்ற திட்டவட்டமான தொடர்களுக்கு வாக்கியத்தின் இறுதியே இயல்பான இடம்.

விதிவிலக்கு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். கேள்விக்குக் குறும்பதில் சொல்கையில் ‘இட் ஒல்வேஸ் இஸ்’ என்றுதான் வரும். பின்னால் எச்சம் இல்லாததால் அங்கே இடைவெளியும் இல்லை.

2. மடுவத்தில் கேட்கும் தமிழ்

பறித்த கொழுந்தை நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் நிறுவை நடக்கும்போது போய் நின்றால் வேறொரு தமிழ் காதில் விழும். ‘மூணு வாட்டி நிறுப்பாங்க’, ‘தண்ணிக்குன்னு ரெண்டு கிலோ கழிப்பாங்க’, ‘அரைப்பேர் போட்டுட்டாங்க’ (அரைநாள் வேலையாகப் பதிந்துவிட்டார்கள்). நிறுப்பவர், கழிப்பவர், பேர் போடுபவர் யார் என்று வாக்கியம் சொல்வதில்லை. எழுவாய் இல்லாத பலர்பால் வினையே இங்கே செயப்பாட்டு வினையின் வேலையைச் செய்துவிடுகிறது. ‘நிறுக்கப்படுகிறது’ என்பது மடுவத்தில் புழங்கும் பேச்சு அல்ல. அது பாடநூலிலும் அறிவித்தல் பலகையிலும் வாழும் சொல்.

ஆங்கிலத்திலும் நிலைமை இதற்கு வெகுதூரமில்லை. மொழியியலாளர் பைபரும் அவரது குழுவினரும் 1999இல் வெளியிட்ட இலக்கணத்தின்படி, கல்விசார் எழுத்தில் முற்றுவினைகளில் ஏறத்தாழ 25 வீதம் செயப்பாட்டு வினைகள். உரையாடலில் அவை ஏறத்தாழ 2 வீதம் மட்டுமே. ஆகவே மலையகப் பிள்ளை இரு மொழிகளிலும் செயப்பாட்டு வினையைத் தாளில்தான் சந்திக்கிறது. காதில் பழகாத வினைக்குள் வினையடைக்குச் சரியான இடம் தேடச் சொல்கிறோம்.

‘நிறுப்பாங்க’ என்பதில் இன்னொரு நுட்பமும் உண்டு. வடிவத்தில் அது எதிர்காலம். பொருளில் வழக்கமாக நடப்பது. வழமையைத் தமிழ் வினையே சுமந்துவிடுவதால் ‘வழக்கமாக’ என்று தனியே சொல்லத் தேவை எழுவதில்லை. இதை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும் மாணவர் ‘த லீஃப் வில் பி வெய்ட்’ என்று எழுதுகிறார், ‘யூசுவலி’ காணாமற்போகிறது. இடம் மாறிய வினையடை மட்டுமன்றி, எழுதப்படாமலே போன வினையடையும் தமிழ் வினையின் விளைவுதான்.

3. எதிர்மறையில் பொருளே மாறும்

‘ஒருபோதும்’ என்பதற்குத் தமிழில் எதிர்மறை வினை கட்டாயம்: ‘ஒருபோதும் நிறுக்கப்படுவதில்லை’. ஆங்கிலத்தின் ‘நெவர்’ எதிர்மறையைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. தமிழ்ப் பழக்கத்தில் ‘இட் இஸ் நெவர் நொட் வெய்ட்’ என்று எழுதினால், தவறாமல் நிறுக்கப்படுகிறது என்று பொருள் தலைகீழாகிவிடும்.

‘ஒல்வேஸ்’ இதைவிடக் கவனம் வேண்டிய சொல். ‘வேஜஸ் ஆர் நொட் ஒல்வேஸ் பெய்ட் ஒன் டைம்’ என்றால் சம்பளம் சில மாதங்களில் பிந்துகிறது. ‘வேஜஸ் ஆர் ஒல்வேஸ் நொட் பெய்ட் ஒன் டைம்’ என்றால் ஒரு மாதமும் உரிய நாளில் வருவதில்லை. தமிழில் ‘எப்போதும் உரிய நாளில் கொடுக்கப்படுவதில்லை’ என்னும் ஒரே வாக்கியம் இரண்டு பொருளுக்கும் இடம் தரும். பேசும்போது குரலின் அழுத்தம் பொருளைப் பிரித்துக் காட்டும். எழுதிக் கொடுக்கும் மனுவில் குரல் கிடையாது.

4. ஒரு மறுப்பும் பதிலும்

‘யூசுவலி இஸ் பிளக்ட்’ என்று எழுதினாலும் பொருள் விளங்குகிறதே, பிள்ளையை ஏன் வருத்த வேண்டும் என்று கேட்பவர் உண்டு. அந்த ஒரு வாக்கியத்தைப் பொறுத்தவரை அது நியாயமான கேள்வி. மதிப்பெண் வெட்டுவதற்கு அது காரணமாக வேண்டியதில்லை. ஆனால் இடம் என்பதே பொருட்டல்ல என்று பழகிய பிள்ளைதான் நாளை ‘நொட் ஒல்வேஸ்’, ‘ஒல்வேஸ் நொட்’ இரண்டையும் ஒன்றாகக் கருதும்.

தோட்டத்தில் இந்த வேறுபாடு வெறும் இலக்கணம் அல்ல. 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் தோட்டத்துரை ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட நாள் முதல், தோட்டத்துக் கணக்கும் கடிதமும் ஆங்கிலத்தில் வளர்ந்தன. செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டில் யார் பேர் விழுந்தது, யாருக்கு அரைப்பேர் என்பதையெல்லாம் தொழிலாளிக்கு எட்டாத மொழி தீர்மானித்தது. அந்த மொழியைத் தம் மக்களுக்காகத் திருப்பிப் பிடித்தவர் சி. வி. வேலுப்பிள்ளை. 1947இல் தலவாக்கலையிலிருந்து நாடாளுமன்றம் சென்ற அவர், தோட்ட மக்களின் வாழ்வை ஆங்கிலத்திலேயே எழுதினார். அவரது ‘போர்ன் டு லேபர்’ 1970இல் வெளிவந்தது.

செயப்பாட்டு வினையில் செய்தவர் மறைந்துவிடலாம். செய்தவர் மறைந்த வாக்கியத்தில் எத்தனை தடவை நடந்தது என்பதே முறைப்பாட்டின் உயிர். ‘கொழுந்து கழிக்கப்பட்டது’ என்பது ஒரு சம்பவம். ‘அடிக்கடி கழிக்கப்படுகிறது’ என்பது ஒரு வழக்கத்தின் மீதான சாட்சியம்.

5. வகுப்பறைக்கு

பாடத்தை மடுவத்திலிருந்து தொடங்கலாம். வீட்டில் கேட்ட ‘மூணு வாட்டி நிறுப்பாங்க’ என்பதைப் பிள்ளை பலகையில் எழுதட்டும். அதை ‘நிறுக்கப்படுகிறது’ என்று மாற்றி, அந்தச் சொல்லைப் பிரிக்க முயன்று பார்க்கட்டும். பிரியாது. பிறகு ‘இஸ் வெய்ட்’ என்பதை இரண்டு அட்டைகளில் எழுதி, நடுவில் ஒரு வெற்றட்டை வைத்து, ‘யூசுவலி’, ‘ஒஃபன்’, ‘நெவர்’ என மாற்றி மாற்றிச் செருகட்டும். ‘ஹேஸ் பீன் வெய்ட்’ வரும்போது வெற்றட்டை ‘ஹேஸ்’ பக்கத்தில் போய் நிற்கும். இறுதியில் ‘நொட் ஒல்வேஸ்’, ‘ஒல்வேஸ் நொட்’ இரண்டையும் தமிழில் விரித்துச் சொல்லட்டும்.

பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியல் கல்லூரி முதலாக, மலையகத்துக்கு ஆசிரியர்களை உருவாக்கும் நிறுவனங்கள் இந்த இருமொழி ஒப்பீட்டை ஆங்கிலக் கற்பித்தலின் பகுதியாக்க வேண்டும். தமிழ் வினையை அறிந்த ஆங்கில ஆசிரியருக்கு இந்தப் பிழை ஏன் பிறக்கிறது என்று தெரியும். அவரால்தான் அதைத் தீர்க்கவும் முடியும். கொழுந்து எத்தனை தடவை நிறுக்கப்பட்டது, எத்தனை தடவை கழிக்கப்பட்டது என்பதைத் தாய் சொல்ல, மகள் பிழையில்லாமல் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். தோட்டப் பாடசாலையின் இலக்கண பாடம் அந்த அளவுக்காவது பயன்பட வேண்டும்.