நாட்காட்டியின் அடியில் ஒரு வெற்றிடம்

மளிகைக் கடையில் இனாமாகக் கிடைத்த நாட்காட்டியைச் சற்று உற்று நோக்குங்கள். மேலே பல வண்ண முருகன். அடியில் ஒரே மையில் கடையின் பெயர். இரண்டும் பெரும்பாலும் ஒரே வேளையில் அச்சானவை அல்ல.

1922-இல் பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தனர். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சகம் வேண்டும். இவ்வாறு சிவகாசியில் வளர்ந்த அச்சுத்தொழில் நாட்காட்டியிலும் கால்பதித்தது. கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் கொண்டையராஜுவின் தெய்வப் படங்கள் இவ்வழியே வீடுதோறும் புகுந்தன. வண்ணப் படத்தைக் கடைக்குக் கடை தனியே அச்சிட்டால் கட்டுப்படியாகுமா? ஆகவே படத்தை மொத்தமாக அச்சிட்டு, அடியில் இடம் விட்டு வைத்தனர். கடைப் பெயர் மட்டும் பிறகு ஏறும். பெயரில் பிழை நேர்ந்தால் கெடுபவை சில தாள்களே. படத்தின் அச்சுத் தகட்டுக்கு ஊறு இல்லை.

இதே உபாயத்தை இணையதளம் அமைப்போரும் கைக்கொள்ள நேர்ந்தது. தொடக்கத்தில் பத்திகளின் அகலத்தை ஒவ்வொரு பக்கத்துக்குள்ளும் அட்டவணையாக எழுதினர். 1996 டிசம்பரில் வெளியான சி.எஸ்.எஸ். விதிமுறை, அளவுகளைத் தனி ஏட்டில் எழுத வழிசெய்தது. 2003-இல் வேர்டுபிரஸ் தோன்றிய பின், 'தீம்' எனப்படும் ஆயத்த வடிவமைப்புகள் பெருகின. ஒரு தீமின் ஏட்டிலேயே அகலத்தைத் திருத்தினால் என்ன ஆகும்? அதன் புதிய பதிப்பு வந்ததும் பழைய ஏடுகள் மாற்றப்பட்டு, திருத்தம் சுவடின்றி மறையும். (நானும் ஒரு மாலைப்பொழுதின் உழைப்பை இப்படி இழந்தவன்தான்.)

இதற்கு மருந்துதான் 'சைல்டு தீம்', அதாவது சேய்த் தீம். தனி உறையில் ஒரு சிறு ஏடு. அதன் தலைப்பில் தாய்த் தீமின் உறைப்பெயர். கீழே மாற்ற வேண்டிய விதிகள் மட்டும். முதலில் தாயின் விதிகள் படிக்கப்படும், பின்னர் சேயின் விதிகள். சம வலிமையுள்ள இரண்டு முரண்பட்டால் பின்னதே வெல்லும்.

2010-இல் வந்த 'ட்வென்டி டென்' தீமை எடுத்துக்கொள்வோம். மொத்த அகலம் 940 பிக்சல்: கட்டுரைப் பத்திக்கு 640, பக்கப்பத்திக்கு 220, இடைவெளிகளுக்கு 80. பக்கப்பத்தியை மட்டும் 280 ஆக்கினால் அது தன்னிடத்தில் நிற்காது. கட்டுரைக்கும் கீழே போய் விழும். ஈய எழுத்துக் கோத்தவருக்கு இது புதிதன்று. ஒரு பத்தியை அகட்டினால் அடுத்ததைக் குறுக்கினாலன்றி இரும்புச் சட்டம் மூடாது. திரையோ எச்சரிக்காமல் பத்தியைக் கீழே தள்ளிவிடும். எனவே சேயின் ஏட்டில் கட்டுரைப் பத்தியை 580 ஆக்கி, அதற்கேற்ப ஓர இடைவெளிகளையும் நகர்த்த வேண்டும். தாயின் ஏட்டில் 640 அப்படியே இருக்கும்.