நுண்ணமைப்பும் சூரியக் கலமும்

ஞாயிற்றின் ஒளியை நேரே மின்னாக்கும் முயற்சி புதியதன்று. 1839ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு அறிஞர் எட்மண்ட் பெக்கரல் ஒளியினால் மின் பிறப்பதைக் கண்டார். 1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தார் ஏறத்தாழ 6 சதவீத விளைதிறனுடைய சிலிக்கன் கலத்தை உலகுக்குக் காட்டினர். ஆயினும், தூய சிலிக்கனை ஆக்கக் கடும் வெப்பமும் பெருஞ்செலவும் வேண்டியிருந்தன. மைபோலப் பூசத்தக்க மலிவான பொருளொன்று கிடையாதா என்று அறிஞர் தேடினர்.

1977இல் ஹீகர், மக்டியாமிட், சிரகாவா என்னும் மூவர், பல்பகுதியமாகிய பிளாத்திக்கும் மின்னைக் கடத்த வல்லது என நிறுவினர். 2000ஆம் ஆண்டின் இரசாயன நொபெல் பரிசு அவர்களுக்கு உரியதாயிற்று. 1992இல் ஹீகரும் அவருடன் உழைத்தோரும், ஒளிபட்ட பல்பகுதியம் தன் இலத்திரனைப் புலரீனுக்கு மிக விரைவாக ஈவதைக் கண்டனர். புலரீன் என்பது காபன் அணுக்கள் அறுபது பந்துபோல் இணைந்த பொருள்.

வழி திறந்தது, ஆனால் தடையொன்று நின்றது. பல்பகுதியத்தில் ஒளி பட்டதும் மின் பாய்ந்துவிடுவதில்லை. இலத்திரனும் அது நீங்கிய வெற்றிடமும் பிணைந்த சோடியொன்றே முதலில் தோன்றும். அது ஏறத்தாழ 10 நனோமீற்றர் தூரமே செல்லும். ஒரு நனோமீற்றர் மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. அதற்குள் புலரீனின் எல்லையை அடையாவிடில் பெற்ற சக்தி வீணாகும். ஒளியை நன்கு உறிஞ்சவோ ஏறத்தாழ 100 நனோமீற்றர் தடிப்பு வேண்டும்.

1995இல் விடை பிறந்தது. கலிபோர்னியாவில் ஹீகர் குழுவினர் இரு பொருள்களையும் ஒரே கரைசலிற் கலந்து பூசினர். எல்லை எங்கும் பரந்தது. எனினும் கலவைக்கும் அளவுண்டு. கட்டிகள் பெருத்தால் சோடி எல்லையை எட்டாது. மிக நுணுகிக் கலந்தாலோ, வாய்க்கால் அறுந்த வயலில் தேங்கும் நீர்போல, பிரிந்த மின்னேற்றங்கள் வெளியேற வழியின்றி மீண்டும் கூடிவிடும்.

2001இல் ஒஸ்திரியாவின் லின்ஸ் நகர ஆய்வாளர் கரைப்பானை மட்டும் மாற்றினர். தொலுயீனுக்குப் பதிலாகக் குளோரோபென்சீனைக் கொள்ள, விளைதிறன் 0.9 சதவீதத்திலிருந்து 2.5 சதவீதமாயிற்று. பொருள்கள் அவையே; அமைப்பே வேறு. 2005இல் வேறொரு பல்பகுதியக் கலவையைப் பூசி 150 பாகை செல்சியசிற் சூடாக்கியபோது 5 சதவீதம் எட்டப்பட்டது. பின்னர் புலரீனின் இடத்தைப் புதிய சேர்வைகள் பெற, 2020களில் ஆய்வுகூடக் கலங்கள் 18 சதவீதத்தைக் கடந்தன.

ஆயினும், வெப்பம் தந்த ஒழுங்கை வெப்பமே கலைக்கவும் கூடும். சிலிக்கன் கலம் பல்லாண்டுகள் வெயிலைத் தாங்கும். பல்பகுதியக் கலமோ அத்துணைக் காலம் நிலைப்பதில்லை. கண்ணுக்குப் புலனாகாத அவ்வொழுங்கை நெடுங்காலம் நிலைநிறுத்தும்போதே, மலிவான மின் என்னும் பழைய நோக்கம் நிறைவேறும்.