காருக்கு வயது எத்தனை?

மாட்டு வண்டியின் ஆயுள் எவ்வளவு என்று யாரும் பெரிதாகக் கேட்டதில்லை. அச்சு முறிந்தால் அச்சை மாற்றினார்கள். சக்கரம் போனால் தச்சரிடம் கொண்டு போனார்கள். கார் வந்த பிறகுதான் "இது எத்தனை வருடம் ஓடும்?" என்ற கேள்வி பெரிதானது. பத்து என்பார் ஒருவர், இருபது என்பார் இன்னொருவர். உண்மையில் இந்த எண்ணை இரும்பு மட்டும் தீர்மானிக்கவில்லை. காரை விற்கிறவர், வைத்திருக்கிறவர், அரசாங்கம் என்று மூன்று பேருக்கு இதில் பங்கு உண்டு. கடந்த நூறாண்டு வரலாறு அதைத்தான் காட்டுகிறது.

ஃபோர்டும் ஸ்லோனும்

1908-ல் அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டின் 'மாடல் டி' கார் வெளிவந்தது. வனேடியம் கலந்த உறுதியான உருக்கு, எளிமையான இன்ஜின். கிராமத்து விவசாயி கூடத் தன் கொட்டகையிலேயே பிரித்துப் பழுது பார்த்துக்கொள்ள முடிந்தது. 1927 வரை, அடிப்படை அமைப்பு பெரிதாக மாறாமலே, சுமார் ஒன்றரைக் கோடி கார்கள் தயாராயின.

ஆனால் நீடித்து உழைக்கும் காரை ஒருமுறை வாங்கியவர் மறுபடியும் ஏன் கடைக்கு வர வேண்டும்? இதற்கு விடை கண்டவர் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஆல்ஃபிரட் ஸ்லோன். 1923-ல் தலைவரான அவர், வருடா வருடம் காரின் தோற்றத்தையும் நிறத்தையும் மாற்றும் வழக்கத்தை வளர்த்தார். பக்கத்து வீட்டில் புது மாடல் வந்து நின்றால், நன்றாக ஓடுகிற காரும் பழையதாகத் தெரியும். விற்பனை சரிந்து 1927-ல் மாடல் டி தயாரிப்பை ஃபோர்டு நிறுத்த வேண்டி வந்தது. காரின் வயதை அதன் உறுதி மட்டுமல்லாமல் ஃபேஷனும் முடிவு செய்யத் தொடங்கிய காலம் இது.

துருவும் பெட்ரோலும்

அதற்காகப் பழைய கார்கள் எல்லாம் சாகாவரம் பெற்றவை என்று நினைத்துவிடக் கூடாது. அந்தக் கால அமெரிக்கக் கார்கள் பலவற்றில் மைல் மீட்டருக்கு ஐந்து இலக்கம்தான். 99,999 மைலைத் தாண்டினால் மறுபடி பூஜ்ஜியத்துக்கு வந்துவிடும். அவ்வளவு தூரம் ஓடுவதே பெரிய விஷயமாக இருந்தது.

காரணங்கள் பல. பெட்ரோலில் கலந்த காரீயத்தின் கழிவு ஸ்பார்க் பிளக்கில் படிந்தது, சைலன்சரை அரித்தது. சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்யும்போது கார்புரேட்டர் கூடுதலாக அனுப்பிய பெட்ரோல், சிலிண்டர் சுவரில் இருந்த ஆயில் படலத்தைக் கழுவிவிட்டது. குளிர் நாடுகளில் பனி உருகச் சாலையில் தூவிய உப்பு, அடித்தகட்டைத் துருவாக்கியது.

1970-களுக்குப் பிறகு இவை ஒவ்வொன்றாக மாறின. காரீயம் இல்லாத பெட்ரோல் வந்தது. கார்புரேட்டரின் இடத்தை எலெக்ட்ரானிக் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் பிடித்தது. பாடிக்குத் துத்தநாகம் பூசிய தகடு வந்தது. பழுதில்லாமல் ஓடிய ஜப்பானியக் கார்களின் போட்டியால் மற்றவர்களும் தரத்தை உயர்த்த வேண்டியதாயிற்று. 1970 வாக்கில் அமெரிக்கச் சாலைகளில் இருந்த கார்களின் சராசரி வயது 6 ஆண்டுக்கும் குறைவு. 2024-ல் அங்கே கார், வேன் போன்ற இலகு வாகனங்களின் சராசரி வயது 12.6 ஆண்டு.

ஓர் ஆசிரியரும் ஒரு தீவும்

அமெரிக்காவில் இர்வ் கோர்டன் என்ற அறிவியல் ஆசிரியர் 1966-ல் ஒரு வால்வோ பி1800 கார் வாங்கினார். 2013-ல் அந்தக் கார் 30 லட்சம் மைலைத் தொட்டது. அதாவது சுமார் 48 லட்சம் கிலோமீட்டர். கின்னஸ் புத்தகத்தில் இடம் பெற்ற இந்தக் காரின் ரகசியம் பெரிதாக ஒன்றுமில்லை. காலாகாலத்தில் ஆயில் மாற்றினார், சிறு சத்தத்தையும் அலட்சியப்படுத்தவில்லை. 2018-ல் அவர் இறந்தபோதும் அது ஓடும் நிலையில்தான் இருந்தது.

கோர்டன் விரும்பிச் செய்ததை கியூபா மக்கள் வேறு வழியின்றிச் செய்தார்கள். 1959 புரட்சிக்குப் பின் அமெரிக்கா வர்த்தகத் தடை விதித்தது. புதுக் காரும் வரவில்லை, ஸ்பேர் பார்ட்ஸும் வரவில்லை. 1950-களின் செவ்ரோலே கார்களுக்குள் சோவியத் இன்ஜின்களைப் பொருத்தினார்கள். கிடைக்காத பாகங்களை லேத்தில் கடைந்து செய்துகொண்டார்கள். வெளியே பழைய கார், உள்ளே பாதி வேறு. மாட்டு வண்டியின் கதைதான் மறுபடியும்.

சட்டம் சொல்லும் வயது

இந்தியாவில் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டு செல்லும். பிறகு வண்டி தகுதியாக இருந்தால் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம். டெல்லியில் காற்று மாசு மோசமானதால் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 15 ஆண்டு தாண்டிய பெட்ரோல் வண்டிகளுக்கும், 10 ஆண்டு தாண்டிய டீசல் வண்டிகளுக்கும் தடை போட்டது. 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2025-ல் வழக்கு மறுபடியும் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது.

இருபுறமும் நியாயம் இருக்கிறது. நன்றாகப் பராமரித்த பழைய டீசல் கார்கூட, அது செய்யப்பட்ட காலத்து மாசு அளவுக்குத்தான் கட்டுப்பட்டது. அந்தப் புகையை மூச்சில் இழுக்கும் குழந்தைக்கு காரின் பராமரிப்பு ஆறுதல் தராது. மறுபுறம், சிறுகச் சேமித்து வாங்கி, குறைவாக ஓட்டி, பத்திரமாக வைத்திருந்த குடும்பத்துக்கு அது ஒரே நாளில் பழைய இரும்பாகிறது. புதிய கார் செய்யவும் உருக்கும் மின்சாரமும் செலவாகின்றன, அதற்கும் புகை உண்டு.

ஆகவே காலண்டரை மட்டும் பார்த்து காரின் வயதைச் சொல்வது எளிது, ஆனால் சரியான கணக்கு அல்ல. எவ்வளவு ஓடியது, எப்படிப் பராமரிக்கப்பட்டது, எவ்வளவு புகை விடுகிறது என்று வண்டியைச் சோதித்துச் சொல்வதே நியாயமானது. ஆசிரியரின் வால்வோ கார் ஐம்பது ஆண்டுக்கு மேல் ஓடியது. கவனிக்காமல் விட்ட கார் ஐந்தே ஆண்டில் ஷெட்டுக்குப் போகும். இரண்டும் இரும்புதான்.